வெயிலோடு நகரும் கட்டில்

சென்னையில் இருக்கும் என் அக்கா ஒவ்வொரு டிசம்பரிலும் தொலைபேசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "பாவம், கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறீர்களா?" வடக்கத்திக் குளிர் என்றால் அவள் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. கணப்பு எரியும், மடியில் பூனை தூங்கும், கையில் காப்பி, ஜன்னலுக்கு வெளியே வெண்பனி. நான் சொல்லும் பதிலும் மாறுவதில்லை. "வீட்டுக்குள் இருந்தால்தான் குளிரும். மத்தியானம் முழுக்க மொட்டைமாடியில்தான் இருக்கிறோம்." கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வைத்துவிடுவாள்.

கேலியே இல்லை. தில்லியில் வீடு கட்டுகிறவர்கள் மே, ஜூன் மாதங்களை மனத்தில் வைத்துக் கட்டுகிறார்கள். கனத்த செங்கல் சுவர், மொசைக் தரை, குறுக்கும் நெடுக்கும் காற்று ஓட ஜன்னல்கள், கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி. கோடையில் இதெல்லாம் புண்ணியம். டிசம்பர் பிறந்ததும் அதே சுவர் இரவுக் குளிரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பகல் முழுக்க நமக்குத் திருப்பிக் கொடுக்கிறது. சூடேற்றும் ஏற்பாடு எதுவும் வீட்டோடு சேர்ந்து வருவதில்லை. அறைக்கு அறை இழுத்துப் போகும் ஒரு ஹீட்டர், அவ்வளவுதான். ஒரு ஜனவரி மத்தியானம் பிள்ளையின் பள்ளித் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். படுக்கையறையில் 13 டிகிரி. மாடியில், அதுவும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், 19. வெயிலில் வைத்திருந்தால் இன்னும் எவ்வளவோ ஏறியிருக்கும். தரையில் வெறுங்காலை வைத்தால் குளிர் உள்ளங்காலில் ஏறிப் பிடரியில் போய் உட்காரும் வீட்டில், யார் உள்ளே இருப்பார்கள்?

1996 நவம்பரில் கல்யாணமாகித் தில்லி மயூர் விஹாருக்கு வந்தேன். கும்பகோணத்துக்காரி. பள்ளிச் சுற்றுலாவில் ஊட்டியில் வாங்கிய அரக்கு நிற ஸ்வெட்டர் ஒன்றுதான் என் குளிர்காலச் சீதனம். வீடு தெற்குப் பார்த்தது என்று தெரிந்ததும் அப்பா முகம் வாடியது எனக்கு நினைவிருக்கிறது. ஊரில் தெற்குப் பார்த்த வீட்டுக்கு வாடகைக்குக்கூடப் போகமாட்டார்கள். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, குளிர்காலத்தில் தெற்குப் பார்த்த பால்கனிக்காக ஜனங்கள் பொறாமைப்படுகிறார்கள் என்று. காரணம் எளிது. டிசம்பர் கடைசியில் சென்னையில் உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும்; தில்லியில் 38 டிகிரியைத் தாண்டாது. சூரியன் தென்புறமாகத் தாழ்ந்து சாய்ந்தே போகும். அந்தச் சாய்ந்த வெயில் தெற்கு ஜன்னல் வழியாக அறையின் பாதி தூரம் வரை வந்து பாயில் படுத்துக்கொள்ளும். வடக்குப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரு கீற்றுகூடக் கிடையாது. அவர்கள்தான் முதலில் மாடிக்கு வருவார்கள்.

எங்கள் கட்டடம் நான்கு தளம், எட்டு வீடு, ஒரே பொது மொட்டைமாடி. பத்தரை மணிக்குப் பனிமூட்டம் விலகும். பதினொன்றுக்குள் இரண்டு கயிற்றுக் கட்டில்கள், நான்கைந்து பிரம்பு முக்காலிகள், ஒரு பழைய ஜமக்காளம் எல்லாம் மேலே வந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வெயிலின் சொற்படிதான். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகரக் கட்டிலைத் தூக்கித் தூக்கி வைப்போம். காலையில் படியோரம் இருந்த கட்டில் மூன்றரை மணிக்கு எதிர் மூலையில் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்கும். ஒரு மத்தியானத்துக்கு ஐந்து முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டிலில்தான் எதிர்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி எனக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தார். என்னை அவர் 'புத்தர்' என்று கூப்பிடுவார். பஞ்சாபியில் பிள்ளை என்று அர்த்தமாம். அது தெரியாமல் முதல் வாரம் முழுக்க, நான் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் போதிமரத்தடிப் பெயரை எனக்கு வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊசியில் ஏற்றும் ஒவ்வொரு நூல் வளையத்தையும் தமிழில் கண்ணி என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அந்த மாடியில் யாரும், முப்பது வருடமாகத் தில்லியில் இருந்த என் மாமியார் உட்பட, அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஃபந்தா. ஊசியில் எத்தனை ஃபந்தா ஏற்றியிருக்கிறாய்? முன்பக்கமாகப் போடுவது சீதா, பின்பக்கமாகப் போடுவது உல்டா. உலகத்தில் உள்ள எல்லாக் கம்பளிப் பின்னலும் இந்த இரண்டே அசைவுதான் என்று ஆன்ட்டி சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு பார்த்தால் நிஜம்தான். சடை, வைரம், தேன்கூடு எல்லாமே இந்த இரண்டையும் எங்கே போடுகிறோம், எந்த ஃபந்தாவை எதன் மேல் தாண்டவைக்கிறோம் என்பதுதான். நேர், நிரை என்ற இரண்டு அசைகளை வைத்துக்கொண்டு வெண்பாவிலிருந்து விருத்தம் வரை கட்டவில்லையா?

பார்டரில்தான் ஆரம்பம். ஒரு சீதா, ஒரு உல்டா, ஒரு சீதா, ஒரு உல்டா. இப்படி மாற்றி மாற்றிப் போடும்போது சீதா வரிகள் முன்னுக்குத் துருத்திக்கொண்டும் உல்டா வரிகள் பின்னுக்குப் பதுங்கிக்கொண்டும், துணி ஆர்மோனியத் துருத்தி போல மடிந்துகொள்கிறது. இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். ரப்பர் நாடா இல்லாமலேயே ஸ்வெட்டர் இடுப்பைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். பார்டருக்கு மெல்லிய ஊசி, பத்தாம் நம்பர்; உடம்புக்குத் தடித்தது, எட்டாம் நம்பர். இந்தக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும் என்பது எனக்குத் தெரியாது. பத்துதான் தடி என்று தீர்மானித்து, ஊசிகளை மாற்றிப் போட்டு, முதல் ஸ்வெட்டரின் இடுப்பைத் தொளதொளவென்றும் நெஞ்சுப் பகுதியை விறைப்பாகவும் பின்னிவைத்தேன். மண்பானைக்குச் சட்டை தைத்தது போல இருந்தது.

இரண்டாவது ஸ்வெட்டர் நான்கு வயது மகனுக்கு. முன்பக்கம் 72 ஃபந்தா, பின்பக்கம் 72. இந்த முறை ஊசி சரி, அளவு சரி, நடுவில் ஒரு மஞ்சள் வாத்துகூட வந்தது. கடைசியில் கழுத்துப் பட்டியை முடிக்கும்போது, அவிழ்ந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் ஒவ்வொரு ஃபந்தாவையும் இறுக்கி இறுக்கி மூடினேன். ஜனவரிக் காலை, பள்ளிப் பேருந்து வரும் நேரம். தலை நுழையவில்லை. வேகமாக இழுத்தேன். நெற்றி வரை வந்து நின்றது. உள்ளேயிருந்து "அம்மா, இருட்டாக இருக்கிறது" என்று ஒரு குரல். காது இரண்டும் மிளகாய்ப்பழமாகிவிட்டது. அன்று அவன் ஊட்டி ஸ்வெட்டரைக் கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டு போனான். மத்தியானம் ஆன்ட்டி அந்தக் கழுத்தை விரலால் ஒரு தடவு தடவிவிட்டுச் சொன்னார்: "மூடும்போது மட்டும் இரண்டு நம்பர் தடித்த ஊசியை எடு." அதற்குப் பிறகு என் வீட்டில் யார் தலையும் மாட்டிக்கொண்டதில்லை.

கம்பளி நூல் அப்போதெல்லாம் லச்சியாக வரும், பெரிய வளையமாக. அதைப் பந்தாகச் சுற்ற வேண்டும். வளையத்தை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு ஒருவர் உட்கார வேண்டும், இன்னொருவர் சுற்ற வேண்டும். என் மாமனார் மத்திய அரசில் பெரிய பதவியில் ஓய்வு பெற்றவர். விலங்கு மாட்டிய கைதி மாதிரிக் கைகளை நீட்டிக்கொண்டு, நூல் ஓடும் பக்கமாகக் கையைச் சாய்த்துக் கொடுத்தபடி, எதிர்க் கட்டிலில் இருந்தவரோடு பட்ஜெட்டைப் பற்றிச் சண்டை போடுவார்.

எனக்கு அதிசயமாக இருந்தது பின்னியதை அல்ல, அவிழ்ப்பதைப் பார்த்துத்தான். பிள்ளை வளர்ந்துவிட்டால் ஸ்வெட்டரைத் தூக்கிப்போட மாட்டார்கள். தையலைப் பிரித்து, நுனியைக் கண்டுபிடித்து, சர்ரென்று அவிழ்த்துவிடுவார்கள். அவிழ்ந்த நூல் சுருட்டை முடியாக இருக்கும். கெட்டில் ஆவியில் காட்டினால் நேராகிவிடும். அடுத்த குளிருக்கு அதே நூலில் கொஞ்சம் பெரிய அளவு. போதாத இடத்துக்கு வேறு நிறத்தில் கோடு. என் மகனின் நீல ஸ்வெட்டரில் நெஞ்சுக்குக் குறுக்காக ஒரு சாம்பல் கோடு 2001இல் வந்தது, அடிவயிற்றில் பச்சைக் கோடு 2003இல். மரத்தை வெட்டி வளையத்தை எண்ணுவார்களே, அதுபோல அவன் வயதை அதில் எண்ணிவிடலாம். இப்போது லூதியானா ஸ்வெட்டர்கள் மலிவாகக் குவிகின்றன. திபெத்தியர்கள் போடும் குளிர்காலக் கடைகளில் நல்லதாகவே கிடைக்கிறது. கையால் பின்னுவதற்கு நூல் வாங்கும் காசில் இரண்டு வாங்கிவிடலாம். எனவே சிக்கனத்துக்காகப் பின்னுகிறேன் என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்குத் தெரியவில்லை.

மாடிக்கு வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஐந்து கிலோ பட்டாணியோடு ஒருவர் வருவார். பேசிக்கொண்டே எல்லோரும் உரித்துவிடுவோம். வெந்தயக்கீரை ஆய்வார்கள். தில்லியின் சிவப்புக் கேரட் குளிருக்கு மட்டும் வருவது. உள்ளே மஞ்சளே தெரியாத அடர்சிவப்பு, கடித்தால் சாறு வழியும். அல்வாவுக்காக அதைத் துருவுவது ஒரு மத்தியான வேலை. காலிஃபிளவர், கேரட், டர்னிப் மூன்றையும் வெயிலில் வாட்டி வெல்லமும் கடுகும் போட்டு இனிப்பு ஊறுகாய் செய்வார்கள்.

மாமியார் முதன்முதலாகத் தில்லிக்கு வந்த குளிர்காலத்தில் நடந்த கதை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பக்கத்து வீட்டம்மா "நாளை வாருங்கள், கஞ்சி தருகிறேன்" என்றாராம். இவர் பதறிப்போய், அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்திருக்கிறார். இங்கே கஞ்சி என்றால் கருப்புக் கேரட்டை நீளவாக்கில் வெட்டி, உப்பும் மிளகாயும் அரைத்த கடுகும் சேர்த்துத் தண்ணீரில் ஊறவைத்து, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, நாலைந்து நாள் வெயிலில் வைத்துப் புளிக்கவைக்கும் பானம். ஊதா நிறம், மூக்கில் ஏறும் காரம். நம் நீராகாரத்துக்கு ரசத்தோடு சம்பந்தம் செய்துவைத்தால் பிறக்கும் பிள்ளை. ஜாடியையும் கட்டிலோடு சேர்த்து நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் மாசி பிறக்கும்வரை ஒரு ஜாடி நிற்காமல் போகாது.

புளிப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் இட்லி மாவையும் சொல்லிவிடுகிறேன். தில்லித் தமிழ்க் குடும்பங்களில் ஜனவரி மாதத்தில் இரண்டு பெண்கள் சந்தித்தால் முதல் கேள்வி "சௌக்கியமா" அல்ல, "உங்கள் வீட்டில் மாவு பொங்குகிறதா?" சமையலறை 12 டிகிரியில் இருக்கும்போது மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் போர்வைக்குள் சுருண்டுவிடுகின்றன. என் முதல் குளிர்காலத்தில் நான்கு நாள் வைத்திருந்தும் மாவு அரைத்த கோலத்திலேயே அசையாமல் கிடந்தது. மாமியார்தான் வழி காட்டினார். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரை. உப்பை இப்போது போடாதே, பொங்கிய பிறகு போடு. உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும். பிறகு பாத்திரத்தைத் தூக்கி ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் மேல் வைத்தார். அந்தக் காலத்து ஸ்டெபிலைசர் எப்போதும் முனகிக்கொண்டு, கோழி அடைகாப்பது போலச் சூடாக இருக்கும். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தது. புது ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னபோது, எங்கள் வீட்டில் அதை நல்ல செய்தியாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

வெயிலில் முடியாத கைவேலை ஒன்று உண்டு. அது அடுமனை. அதற்கும் நாங்கள் வெளியேதான் போனோம். பழைய தில்லிப் பழக்கம் இது, பஞ்சாபிலும் உண்டு: கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றையும் வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் பேட்டையிலுள்ள பேக்கரியில் கொடுத்தால், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு பிஸ்கட்டாகச் சுட்டுத் தருவார்கள். ஒரு கிலோ மாவுக்கு அரைக் கிலோவுக்குக் குறையாத நெய், ஏறக்குறைய அதே அளவு சர்க்கரை. சீரகமோ ஏலக்காயோ நம் இஷ்டம். ஆன்ட்டியோடு நானும் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வரிசை நீளமாக இருந்தது, யாருக்கும் அவசரமில்லை. அடுப்புச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பதற்காகவே சிலர் வந்தது மாதிரித் தெரிந்தது. உள்ளே ஒருவர் நெய்யைச் சர்க்கரையோடு உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து வெண்மையாக்கிக்கொண்டிருந்தார். வேகும் நெய்யும் சர்க்கரையும் கலந்த அந்த வாசனை இரண்டு தெரு தள்ளியே வந்து மூக்கைப் பிடித்து இழுத்துவரும்.

முதல் முறை டின் மாறிவிட்டது. என் பசு நெய் பிஸ்கட் யார் வீட்டுக்கோ போய், வனஸ்பதி பிஸ்கட் என் வீட்டுக்கு வந்தது. கேட்டால், எல்லா டின்னும் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று கையை விரித்தார்கள். மறுமுறை டின் மூடியில் பெயின்ட்டால் 'க' என்று பெரிதாக எழுதிக்கொண்டு போனேன். வேலை பார்த்த பையன் அதைப் பார்த்துவிட்டு, "ஜிலேபி டப்பா" என்று பெயர் வைத்தான். அவர்கள் கண்ணுக்கு நம் எழுத்தெல்லாம் ஜிலேபிதான். பரவாயில்லை, அதற்குப் பிறகு டின் மாறவே இல்லை. "ஜிலேபி வந்துவிட்டது" என்று தெருமுனைவரை கேட்கும்படி கத்துவான்.

வீட்டில் அடுப்பு வாங்கிய பிறகு ரொட்டி சுட ஆரம்பித்தேன். 2019 டிசம்பர் 30 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். 1901க்குப் பிறகு டிசம்பரில் அவ்வளவு குளிர்ந்த பகலைத் தில்லி பார்க்கவில்லை என்று வானிலைத் துறை அறிவித்தது. அந்த மாதிரி நாட்களில் மாடி ஏற முடியாது. காற்று அசையாமல், ஈரம் தரையோடு ஒட்டிக்கொண்டு, வெயில் மேலேயே நின்றுவிடும். கங்கைச் சமவெளி முழுக்க ஒரே வெள்ளைப் போர்வை. ரயில்கள் பத்துப் பதினைந்து மணி நேரம் தாமதம். அதைத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்களிடம் கேட்க வேண்டும்.

அன்று காலை ஒன்பதுக்கு மாவு பிசைந்தேன். குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் தண்ணீர், ஈஸ்ட், ஒரு கரண்டி வெல்லம். நுரைத்தது, நம்பிக்கை வந்தது. பதினொன்றுக்கு எட்டிப் பார்த்தேன். மாவு கல்லாகக் கிடந்தது. ஒரு மணிக்கும் அப்படியே. ஈஸ்ட் செத்துவிட்டது என்று தீர்மானித்துத் தூக்கிப்போடப் போனேன். மாமியார் விடவில்லை. "செத்ததற்கும் தூங்குவதற்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, தன் ரஜாய்க்குள், தன் காலருகிலேயே வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். அந்த ரஜாய் வெறும் போர்வை அல்ல. ஒவ்வொரு நவம்பரிலும் பஞ்சு கொட்டுகிறவர் வருவார். தோளில் ஆளுயர வில். நாணை அடித்தால் டொய்ங் டொய்ங் என்று ஒற்றைத் தந்தி வீணையாக அதிரும். கட்டிபட்ட பழைய பஞ்சு பறந்து பறந்து பூவாகும். நாலு கிலோ பஞ்சு உள்ளே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மாமியார் எழுந்தபோது மாவு இரட்டித்திருந்தது. மெதுவாகப் புளித்த மாவுக்குத் தனி மணம் உண்டு. அந்த ரொட்டியைப் போல அதற்குப் பிறகு கோடையில் எத்தனை முறை முயன்றும் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. குளிர் தாங்காமல் கரி போட்ட அங்கீட்டியை, நம் குமுட்டி அடுப்புதான், அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக் காலையில் எழாமல் போனவர்கள் பற்றி இங்கே ஒவ்வொரு குளிர்காலமும் செய்தி வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, இருமல் வராது. புது வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்து சின்ன அறையில் தங்கும் பிள்ளைகளுக்கு இதை நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். கரியடுப்பு வாசலுக்கு வெளியே.

வெளியே இரு, வெளியே இரு என்று சொல்கிறேனே, தில்லிக் காற்றில் வெளியே இருக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குளிர்கால இரவில் தரையோடு ஒட்டிய காற்று மேலே இருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். மேலே உள்ள வெதுவெதுப்பான அடுக்கு மூடி போலக் கவிந்துகொள்ளும், புகையெல்லாம் பாத்திரத்துக்குள். வெயில் தரையைச் சூடாக்கிய பிறகுதான் மூடி திறக்கும். அதனால் விடியற்காலை நடைப்பயிற்சி என்ற புனிதப் பழக்கத்தை நவம்பர் முதல் பிப்ரவரி வரை நான் விட்டுவிட்டேன். நடப்பதென்றால் மத்தியானம் ஒரு மணிக்குமேல். எத்தனை டாக்டர்கள் சொல்லியும் கேட்காமல் ஐந்து மணிக்கே குல்லாயும் முகமூடியுமாகக் கிளம்பும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். மோசமான நாட்களில் மாடியும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

நல்ல நாட்கள் வரும்போது விடக் கூடாது. லோதி தோட்டத்திலோ சுந்தர் நர்சரியிலோ புல்தரையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இடம் பிடிப்பது சபாவில் முதல் வரிசை பிடிப்பது மாதிரி. சுந்தர் நர்சரி 2018இல் பொதுமக்களுக்குத் திறந்ததிலிருந்து எங்கள் கோஷ்டி அங்கே மாறிவிட்டது. முதல் பிக்னிக்கில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனது நான்தான். வாயில் வைத்தால் பல் கூசியது. அதற்குப் பிறகு புளியோதரையும் எலுமிச்சை சாதமும் மட்டும். வாசலில் நிலக்கடலை வண்டி நிற்கும். குவியலின் நடுவில் தணல் போட்ட சின்ன மண்சட்டி ஒன்று புகைந்துகொண்டிருக்கும். கடலை ஆறாமலிருக்க அவர்கள் செய்யும் ஏற்பாடு. அந்தச் சட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்க வேண்டும். காகிதப் பொட்டலம் சட்டைப்பையில் இருந்தால் கையுறை வேண்டாம். கரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை வெட்டி எலுமிச்சை பிழிந்து, தமரத்தம் என்னும் நட்சத்திரப்பழத் துண்டுகளோடு தருவார்கள். நம் ஊரில் அவித்துத் தின்ற கிழங்கு இவ்வளவு துடுக்கு உள்ளது என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

நம் போகியும் பஞ்சாபிகளின் லோஹ்ரிப் பண்டிகையும் எங்கள் காலனியில் சம்பந்திகள். பொங்கல் 14ஆம் தேதி வரும் வருடங்களில் இரண்டும் ஒரே நாள், ஜனவரி 13. நமக்கு விடியலில் தீ, அவர்களுக்கு இரவில். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் பனியில் தீப்பெட்டியே பிடிக்காது. ஆகவே எங்கள் வீட்டுப் பழைய துடைப்பமும் கிழிந்த பாயும் வருடாவருடம் இரவு வரை காத்திருந்து, அவர்கள் லோஹ்ரித் தீயில்தான் போய்ச் சேர்ந்தன. அவர்கள் பொரியும் எள்ளும் கடலையும் போட்டுச் சுற்றிவந்து பாடும்போது, என் கணவர் பழைய பாயோடு போய் நிற்பார். யாரும் ஆட்சேபித்ததில்லை. இப்போது புகைக்கான கட்டுப்பாடுகள் வந்த பிறகு தீ சின்னதாகிவிட்டது, பாயை வாங்குவதில்லை. சரிதான்.

மாமியார் போய் மூன்று வருடமாகிறது. ஆன்ட்டிக்கு எண்பத்து மூன்று. இரண்டு கண்ணிலும் பார்வை ஏறக்குறைய இல்லை. ஆனாலும் மத்தியானமானால் பேரன் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்துவிட்டுப் போவான். போன வாரம் நான் மகளுக்கு ஒரு கார்டிகன் பின்னிக்கொண்டிருந்தேன். பார்டர் முடிந்து உடம்பில் ஒரு ஜாண் ஏறியிருந்தது. "கொடு" என்று கை நீட்டினார். வாங்கி மடியில் விரித்து, சீப்பால் வாருவது போல விரல்களை வரிசை வரிசையாக ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்கே சீதா போட வேண்டிய இடத்தில் உல்டா போட்டிருக்கிறாய், புத்தர்."

குனிந்து பார்த்தேன். ஏழு வரிசைக்குக் கீழே, எள்ளளவு முடிச்சு. எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியாமல் போனது. ஏழு வரிசையையும் அவிழ்க்க ஊசியை உருவப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "எல்லாவற்றையும் ஏன் அவிழ்க்கிறாய்? அந்த ஒரு ஃபந்தாவை மட்டும் விடு."

விட்டேன். அது சறுக்கிச் சறுக்கி ஏழு வரிசை கீழே இறங்கி, தவறு செய்த இடத்தில் போய் நின்றது. துணியின் நடுவில் ஒரு நூலேணி தொங்கியது, ஏழு படி. பயமாக இருந்தது. குரோஷா ஊசியை முன்பக்கமாக நுழை, படிக்கு அடியில் கொண்டுபோ, இழு, மேலே வா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒவ்வொரு படியாக ஏறினேன். நாலாவதில் நூல் இரண்டாகப் பிரிந்து நுழைந்துவிட்டது. "பிரிந்துவிட்டதா? சத்தம் வேறாக இருக்கிறதே" என்றார். சத்தமா? மறுபடி இறங்கி ஏறினேன். ஐந்து. ஆறு.

"இரு" என்றார். ரப்பர் செருப்புக்குள் கால்விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டார். "என் காலில் வெயில் இல்லை. முதலில் கட்டிலை நகர்த்து."